கடைசியாகக் கண்டவர்

பெண்பிள்ளைகளின் விடுதியில் இருபத்திரண்டு வருடம் மேட்ரனாக இருந்தவள் நான். பிள்ளைகள் எனக்குப் 'பூட்டு' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அது என் காதுக்கு வராது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. வந்தது. வராத மாதிரி இருந்துகொண்டேன். பூட்டென்றால் பூட்டுத்தான், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் நாற்பது தாய்மார் என்னை நம்பித்தான் நித்திரை கொண்டார்கள்.

விடுதி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்கரையில் பல்கலைக்கழகம் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய மாடி வீடு. முன்னால் இரும்புக் கேற், அதற்கு மேல் மழைக்கு இறக்கிய ஒரு தகரச் சீற். பின்னால் மதில், மதிலுக்கு அங்கால் தண்ணீர். லீவு நாளில் ஒரு பிள்ளை விடுதியில் நின்றாலும் மேட்ரனும் நிற்க வேண்டும் என்பது சட்டம். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நான் உயிரோடு இருந்ததற்கு அந்தச் சட்டம்தான் காரணம். நத்தார் பண்டிகைக்குக் கடற்கரையோரம் நாவலடியில் என் தங்கை வீட்டுக்குப் போக உடுப்பெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு பிள்ளை ஊருக்குப் போகாமல் நின்றதால் அவளைத் திட்டித் திட்டி நானும் நின்றேன். தங்கை, அவளுடைய புருசன், மூன்று பிள்ளைகள், வீடு, எல்லாம் அன்று காலையில் போய்விட்டது. எனக்கென்று இருந்தவர்கள் அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சட்டத்தை ஒரு மயிரிழையும் விட்டுக்கொடுத்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பத் தொடங்கி நிலைமை மோசமாகியது. வளாகத்துக்குப் போன பிள்ளை பின்னேரம் திரும்பி வருகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டிய காலம். வெடிச்சத்தம் கேட்டால் ஜன்னலால் எட்டிப் பார்க்கக் கூடாது, கட்டிலை விட்டு இறங்கிச் சுவரோரம் நிலத்தில் இருக்க வேண்டும், அடையாள அட்டையும் ஒரு மாற்றுடுப்பும் தலைமாட்டில் இருக்க வேண்டும் என்று தினமும் கத்துவேன். பெரிய பயம் வெடிக்கு இல்லை. கேற்றில் வந்து, "நான் இன்னாருடைய சொந்தக்காரன், பிள்ளையைக் கூட்டிப்போக வந்தேன்" என்று சொல்லும் ஆட்களுக்குத்தான். அப்படிப் போன பிள்ளைகள் திரும்புவதில்லை.

அப்படி ஒருவன் ஆவணி மாதம் மோட்டார் சைக்கிளில் வந்தான். அஜந்தா என்ற பிள்ளையின் தாய்மாமன் என்றான். பெயர், ஊர், தாயின் பெயர், எல்லாம் சரியாகச் சொன்னான். அஜந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஓம் மேட்ரன், மாமாதான்" என்றாள். ஆனால் அவளுடைய கை சட்டையின் விளிம்பைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு ஏதோ பொறி தட்டியது. "நீங்க என்ன குடி?" என்று அவனிடம் சும்மா கேட்டுவைத்தேன்.

நான் கத்தோலிக்கச்சி, பட்டணத்தில் பிறந்தவள். குடி கேட்டுச் சம்பந்தம் பேசுவது எங்கள் வீட்டில் இல்லை. ஆனாலும் மட்டக்களப்பில் இருந்துகொண்டு இது தெரியாமல் போகுமா. இங்கே குடி என்பது ஒரு வம்சத்தின் பெயர், தாய்வழியால் வருவது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. தாயின் சகோதரனுக்கும் அதே குடி. வந்தவன் ஊரில் நன்றாக விசாரித்திருந்தான், ஆனால் அவளுடைய தகப்பனின் குடியை விசாரித்திருந்தான். அதைச் சொன்னான். நான் கேற்றை அடித்துப் பூட்டினேன். அவன் போன பிறகு அஜந்தா என் காலடியில் இருந்து அழுதாள். அவனை முன்பின் தெரியாதாம். மாமா என்று ஒத்துக்கொள்ளாவிட்டால் தம்பியைத் தூக்குவோம் என்று வளாக வாசலில் வைத்தே சொல்லியிருந்தானாம்.

எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. அன்றிரவே பிள்ளைகளின் பதிவேட்டை எடுத்து, பாதுகாவலர் பெயருக்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு கீறி, 'குடி' என்று தலைப்புப் போட்டேன். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு எழுதினேன். "மேட்ரன் எங்களுக்குக் கலியாணம் பேசப்போறா போல" என்று சிரித்தார்கள். வேறு ஒரு சட்டமும் வைத்தேன். இனி வருகிற ஆளை முதலில் நான் விசாரிப்பேன். அவன் சரியென்றால்தான் பிள்ளையைக் கீழே கூப்பிடுவேன். பிள்ளையை முன்னால் வைத்துக் கேட்டால் பயத்தில் எதற்கும் ஓம் என்றுவிடும்.

கம்சாயினியின் வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஊர் வாகரை. பாதுகாவலர் நல்லரத்தினம், தாய்மாமன். படம் இல்லை, ஏனென்றால் வீட்டிலிருந்த படமெல்லாம் கடலோடு போய்விட்டது. தாயும் தகப்பனும் தங்கையும் அப்படியே. குடி, அத்தியா குடி. அதிகம் பேசாத பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவிவிட்டுத் துடைத்தும் வைக்கிற பிள்ளை.

கார்த்திகையில், நல்ல மழைக்குள், வளாகத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெடியன்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் கல்லெறி, ரயர் எரிப்பு, துவக்குச் சூடு. காலவரையறையின்றி மூடுகிறோம், விடுதிகளிலிருந்து எல்லோரும் வெளியேறுங்கள் என்று அறிவித்தார்கள். தகப்பன்மாரும் அண்ணன்மாரும் வந்து கேற்றில் நின்றார்கள். ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, கையெழுத்து வாங்கி, நாற்பது பிள்ளைகளை அனுப்பிவைக்க இரண்டு நாள் சென்றது. சரியாகச் சொன்னால் முப்பத்தொன்பது. கம்சாயினியைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. வாகரைப் பாதை மூடிக்கிடந்தது. அங்கே செல் விழுந்துகொண்டிருந்தது. மாமா இருக்கிறாரா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு அந்த வருடம் ஊரெல்லாம் அடித்த சிக்குன்குனியாக் காய்ச்சல் அவளையும் பிடித்து, மூட்டு மூட்டாக வீங்கி, மேல்மாடியில் எழும்ப ஏலாமல் கிடந்தாள். காவற்காரனும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டான். நாற்பது கட்டிலுள்ள வீட்டில் நாங்கள் இரண்டுபேர்.

மூன்றாம் நாள் ஹர்த்தால். தெருவில் நாய்கூட இல்லை. காலை பத்து மணியிருக்கும், யாரோ கேற்றைத் தட்டினார்கள். போய் அதிலுள்ள சின்னக் கதவின் ஓட்டையால் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு மனிதன். நனைந்த சாரம், யாரோ கொடுத்த பெரிய சேட், காலுக்கு ஒரு நிறமாகச் செருப்பு. தோளில் ஒரு உரப்பை. இடது கையில் இரண்டு விரல் மடங்கிக் கிடந்தது. காயப்பட்ட கை, இவன் எங்கே சண்டை பிடித்தவனோ என்றுதான் என் புத்தி போனது.

"ஆரு?"

"நான் நல்லரத்தினம் அம்மா, வாகரை. கம்சாயினிர மாமா. புள்ளயக் கூட்டிற்றுப் போக வந்தன்."

"அடையாள அட்டையக் காட்டுங்க."

"இல்ல அம்மா. காட்டுக்குள்ளால நடந்து வந்த நாங்க. ஆத்தக் கடக்கக்குள்ள துணிப்பையோட அதுவும் போயிற்று."

"எங்க கூட்டிப் போகப்போறீங்க?"

"கிரான்ல ஒரு பள்ளிக்கூடத்தில எங்கட ஊராக்கள் வந்து இரிக்காங்க. அங்கதான். கம்பஸ் மூடிற்று எண்டு கேள்விப்பட்ட உடன வெளிக்கிட்ட நான்."

"மாமா எண்டா எப்பிடி மாமா?"

"அவட அம்மாட அண்ணன்."

"என்ன குடி நீங்க?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தடுமாறவும் இல்லை. இந்தப் பக்கத்தில் குடி கேட்டால் எவ்வளவு ஏழைக்கும் முதுகு கொஞ்சம் நிமிரும். அவரும் பையைத் தோளில் சரிசெய்து நிமிர்ந்து சொன்னார். "பெத்தான் குடி."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை மறைத்து என்ன காணப்போகிறேன். பிடித்துவிட்டேன் என்ற சந்தோசம்.

"விதானையிட்ட இருந்து ஒரு கடிதம் எடுத்துட்டு வாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் கிராம சேவகரை விதானை என்போம்.

அவர் சிரித்தார். "எங்கட விதானை இப்ப எந்தக் காட்டுக்குள்ள நிக்காரோ ஆருக்குத் தெரியும். புள்ளய ஒருக்காக் கூப்பிடுங்களன் அம்மா. என்னக் கண்டா அவ சொல்லுவா."

"அதுதான் ஏலாது."

"அப்ப இந்தப் பையையெண்டாலும் குடுங்க."

"பார்சல் வாங்கிறதில்ல."

அது உண்மை. யார் எதைக் கொடுத்தாலும் வாங்காத காலம். மழை பெலத்தது. "மழ விடுமட்டும் இந்தச் சீற்றுக்குக் கீழ நிக்கட்டா? அட்ட இல்லாம றோட்டில நடக்கப் பயமாக் கிடக்கு" என்றார்.

"பொம்பிளப் புள்ளைகள் இருக்கிற இடம் இது. இதுல நிக்க ஏலாது. போங்க."

உள்ளே இருந்தது ஒரேயொரு பிள்ளை. அவருக்குத்தான் அது தெரியாது, எனக்குத் தெரியும். அவர் சந்திப் பக்கமாக நடந்தார். ஒருதரம் திரும்பி மேல்மாடி ஜன்னலைப் பார்த்தார். கம்சாயினி ஜன்னலால் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

கஞ்சியும் பனடோலும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவளுடைய கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன். சொன்னேன் என்ன, அளந்தேன். "உன்னக் கூட்டிப்போக ஒரு கள்ளன் வந்தவன் புள்ள. மாமன்ட பேரை எங்கயோ கேட்டுக்கிட்டு வந்திருக்கான். நான் விடுவனா?"

கம்சாயினி கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். "எப்பிடி ஆள் மேட்ரன்?"

"காஞ்ச மனுசன். உரப்பையொண்டு."

"இடக்கையில ரெண்டு விரல் மடங்கி இரிந்ததா?"

அவளுக்கு என் முகத்திலேயே மறுமொழி கிடைத்திருக்கும்.

"கடல் வரக்குள்ள அந்தக் கையாலதான் முள்ளுக்கம்பியப் புடிச்சவர்" என்றாள். "மத்தக் கையால என்னப் புடிச்சிருந்தவர். விடல்ல. கம்பி விரலை அறுத்துப்போட்டுது."

"பெத்தான் குடி எண்டானே புள்ள. நீ அத்தியா குடியெல்லா?"

"அவரு பெத்தான் குடிதான். அம்மப்பாட மூத்த தாரத்திர மகன். எங்கட அம்மம்மா ரெண்டாந்தாரம். அம்மாக்கும் மாமாக்கும் அப்பா ஒராள், அம்மா வேற வேற." அவள் அதைச் சண்டை பிடிக்காமல், தெரியாத ஆளுக்கு வழி சொல்வது மாதிரிச் சொன்னாள். "மேட்ரன் அப்ப குடியத்தான் கேட்டீங்க. ஏனெண்டு சொல்லியிருந்தா நான் இதையும் சொல்லியிருப்பன்."

தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் குடி ஒன்றுதான். தகப்பன் ஒருவனாய்த் தாய் வேறாக இருந்தால் ஒன்றில்லை. ஊரில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு கோடு கீறியவள் நான்.

வீட்டுச் செருப்போடு ஓடினேன். குடையும் எடுக்கவில்லை. சந்தியில் எரிந்த ரயரின் கம்பி கிடந்தது. கடையெல்லாம் பூட்டு. ஒரு தேத்தண்ணிக் கடையின் பலகை மட்டும் ஒன்று கழன்றிருந்தது. உள்ளே இருந்தவரிடம் கேட்டேன். உரப்பையோடு ஒருவர் போனதைக் கண்டாராம். அதற்குப் பின்னால் ஒரு வேன் போனதையும் கண்டாராம். இரண்டுக்கும் தொடுப்பிருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அங்கால் சோதனைச் சாவடி. எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லையும் போட்டு ஆமிக்காரனிடம் கேட்டேன். அவனும் சின்னப் பெடியன்தான். துவக்கின் நுனியால் வீட்டுப் பக்கத்தைக் காட்டினான்.

திரும்பி வந்தேன். பிள்ளை காய்ச்சலோடு தனியே இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நியாயமான காரணம். அப்படியொரு காரணம் இருந்ததில் உள்ளுக்குள் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஏனென்றால் எனக்கு அங்கால் போகப் பயம்.

கேற்றில் கம்சாயினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்படிப் படியிறங்கினாளோ தெரியாது. என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"பைக்குள்ள என்ன கொண்டு வந்தவர்?"

"தெரியாது. நான் வாங்கல்ல."

பத்து நாள் கழித்துக் கிரானுக்குப் போனோம். பள்ளிக்கூட வகுப்பறைகளிலும் மரத்துக்குக் கீழேயும் வாகரைச் சனம். மருமகளைக் கூட்டிவரப் போன நல்லரத்தினம் திரும்பவில்லை என்றார்கள். அவர் எங்கே என்று கேட்கவந்த எங்களிடம் அவர்களும் அவர் எங்கே என்றே கேட்டார்கள். முறைப்பாடு கொடுக்கக்கூடிய இடமெல்லாம் கொடுத்தோம். ஒன்றும் வரவில்லை.

அவள் என்னை ஒரு சொல் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை. விடுதி திரும்பத் திறந்த அன்று பதிவேட்டை எடுத்து அந்தக் குடி நிரலை ரப்பரால் அழித்தேன், பக்கம் பக்கமாக. தாளில் தடம் போகவில்லை. புது வருடத்துக்குப் புதுப் பதிவேடு வந்தபோது கம்சாயினி பாதுகாவலர் என்ற இடத்தில் திரும்பவும் அதே பெயரை எழுதினாள்.

"இத மாத்து மகள்" என்றேன். "லீவுக்கு ஒரு இடம் போறதெண்டாலும் ஆரும் கையெழுத்துப் போட வேணுமே. நான் வேணுமெண்டாப் போடுறன்."

"அவர் வந்தா?" என்றாள். "பேரில்லாட்டி நீங்க உள்ள விடமாட்டீங்களே, மேட்ரன்."

குத்திக் காட்டியதாக நினைக்க வேண்டாம். அவள் உண்மையாகத்தான் கேட்டாள். அதனால்தான் அது என்னை விட்டுப் போகவில்லை.

கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் ஒவ்வொரு லீவுக்கும் அவள் விடுதியில் நின்றாள். அவள் நின்றதால் நானும் நின்றேன். அவளுக்கும் போக இடமில்லை, எனக்கும் இல்லை, சட்டத்தைச் சாட்டாக வைத்துக்கொண்டோம். நீளமான சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு தலைப்பில், நான் ஒரு தலைப்பில். உப்புக் காணுமா என்று நான் கேட்பேன். ஓம் என்பாள். பின்னேரத்தில் மாடிப்படியில் மூன்றாவது படியில் போய் இருப்பாள். அங்கிருந்து பார்த்தால் கேற் தெரியும். லீவு நாட்களில் பகலில் நான் கேற்றின் சின்னக் கதவைப் பூட்டுவதை விட்டுவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். வெடிச்சத்தம் கேட்டதும் நாங்கள் இரண்டுபேரும் பழக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம், எழும்பினோம். அவளுக்குப் பட்டம் கிடைத்தது, வாழைச்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனாள். எனக்கு ஓய்வு கிடைத்தது. பூட்டுக்கு ஓய்வு என்று யாரோ பிள்ளைகள் சிரித்திருப்பார்கள்.

அடுத்த வருடம் காணாமற்போனவர்களைப் பதிகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தைக் கம்சாயினிதான் நிரப்பினாள். நான் அதைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து வரிசையில் நின்று, பின்னேரம் மேசைக்கு முன்னால் இருந்தோம். எழுதுகிறவர் இளவயது, மரியாதையான ஆள்.

"காணாமப்போனவருக்கு நீங்க என்ன முறை?"

"மருமகள்" என்றாள். "அம்மாட அண்ணன்."

அவர் கடுதாசிகளைப் புரட்டினார். கம்சாயினி எங்கெல்லாமோ அலைந்து எடுத்த பிறப்புப் பதிவுகள். "உங்கட அம்மாட தாய்ர பேர் ஒண்டு, இவர்ர தாய்ர பேர் வேற ஒண்டு. இவர்ர பதிவில தகப்பன்ட பேரும் இல்ல. இவர் உங்கட மாமா எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

கம்சாயினி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் படிவத்தில் கீழே விரலை ஓட்டினார். "கடைசியாகக் கண்டவர், திரேசம்மா. அது ஆர்?"

என் பெயரை அந்த இடத்தில் அப்போதுதான் கண்டேன். அவளுடைய கையெழுத்து, நேரான எழுத்து. இருபத்திரண்டு வருடம் மற்றவர்களின் பெயரைக் கட்டங்களுக்குள் எழுதியவள் நான்.

"நான்தான்" என்றேன்.

"உங்களுக்கு அவர் சொந்தமா?"

"இல்ல."

"அப்ப அவர் இவட மாமா எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்னட்ட வந்து சொன்னவர்."

"சொன்னது மட்டுந்தானா? வேற ஒண்டும் பாக்கல்லையா?"

"அவர் சொன்னது போதும், தம்பி" என்றேன். திரும்பவும் சொன்னேன். "அது போதும்."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "அது அத்தாட்சி இல்லையே அம்மா. நாங்க எழுதேலாது. விதானையிட்ட இருந்து ஒரு கடிதம் எடுத்துட்டு வாங்க."

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். கம்சாயினி கடுதாசிகளை அடுக்கி உறைக்குள் போட்டுவிட்டு என் முழங்கையில் பிடித்தாள். அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல்தரம்.

"எங்கட விதானை இப்ப ஊரிலதான் இரிக்கார்" என்றாள். "நாளைக்குக் காலம்பற பஸ்ஸில போவம். நீங்களும் வாங்க, மேட்ரன்."

வெளியே வந்தால் நல்ல மழை. அலுவலக வாசலில் ஒரு தகரச் சீற் இறக்கியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒதுங்கினோம். அவள் என் முழங்கையை விடவில்லை. மழை விட அரை மணித்தியாலம் எடுத்தது. காவற்காரர் ஒருவர் வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் தன் கதிரைக்குத் திரும்பினார். ஒருவரும் எங்களைப் போகச் சொல்லவில்லை.